புதிய கடல்நீர்த் தொட்டிக்கு முதலில் வேண்டியது குறிப்பேடு

புதிதாகக் கடல்நீர் மீன்தொட்டி வைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, “காரத்தன்மை எவ்வளவு இருக்க வேண்டும்?” என்பது. அறிவியல் ஆசிரியர் என்பதால் மாணவர்களும் பெற்றோர்களும் என்னிடமும் இதைக் கேட்பதுண்டு. நான் திருப்பிக் கேட்பேன்: “நேற்று எவ்வளவு இருந்தது? போன வாரம் எவ்வளவு?” பெரும்பாலும் பதில் வராது. ஆனால், தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியில் காரத்தன்மையை உயர்த்தும் திரவம் ஒரு புட்டி இருக்கும். அது பாதி தீர்ந்தும் இருக்கும்.

என் கருத்து இதுதான். புதிய தொட்டியில் காரத்தன்மை 8 ஆக இருக்கிறதா 9 ஆக இருக்கிறதா என்பது பெரிய விஷயமன்று. இன்று 8 என்றால் அடுத்த வாரமும் 8 ஆக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். அதற்கு முதலில் வாங்க வேண்டியவை ‘டெஸ்ட் கிட்’ எனப்படும் சோதனைப் பெட்டியும் ஒரு குறிப்பேடும். புட்டி கடைசியில் வரட்டும். பல தொட்டிகளுக்கு முதல் சில மாதங்களில் அது தேவையே இல்லை.

இது வெறும் பொழுதுபோக்குக்காரர்களின் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. தொட்டியில் வைக்கப்படும் பவளம் ஓர் உயிருள்ள விலங்கு. கல்போல் உடல்தாங்கி கட்டும் பவளங்கள் அனைத்தும் ‘சைட்டிஸ்’ எனும் அனைத்துலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. அனுமதிப் பத்திரம் இன்றி அவை நாடு தாண்டக்கூடாது. நம் நாட்டின் கடல் பூங்காக்களில் பவளத்தைப் பறிப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். இவ்வளவு பாதுகாப்புக்குரிய ஓர் உயிர், கடை வாசலைத் தாண்டியபின் ஒரு மூடி திரவத்தால் சாகலாமா?

காரத்தன்மை வேறு, பிஎச் வேறு

குழப்பம் இங்குதான் தொடங்குகிறது. பிஎச் என்பது நீர் இந்த நேரத்தில் எவ்வளவு அமிலமாக அல்லது காரமாக இருக்கிறது என்பதைச் சொல்லும் எண். காரத்தன்மை என்பது, அந்த நீர் எவ்வளவு அமிலத்தை ஏற்றுத் தாங்கும் என்பதைச் சொல்லும் அளவு. கையில் உள்ள சில்லறையைப் பார்த்து ஒருவரின் சேமிப்பைச் சொல்ல முடியாது அல்லவா? பிஎச் சில்லறை என்றால் காரத்தன்மை சேமிப்பு.

கடல்நீரில் இந்தச் சேமிப்பின் பெரும்பகுதி பைகார்பனேட்டாக இருக்கிறது. அடுத்த இடம் கார்பனேட்டுக்கு. போரேட் சிறிதளவு. மீன்தொட்டி வைப்போர் இதை ‘டிகேஎச்’ என்ற அலகில் அளக்கின்றனர். இயற்கைக் கடல்நீரில் இது ஏறக்குறைய 6.5 முதல் 7 வரை இருக்கும். பவளத் தொட்டிகளில் 7 முதல் 11 வரை வைத்திருக்கின்றனர். இந்த எல்லைக்குள் எந்த எண்ணிலும் நல்ல தொட்டிகளைப் பார்க்கலாம்.

பவளம் தன் சுண்ணாம்பு உடல்தாங்கியைக் கட்ட நீரிலிருந்து கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுக்கிறது. கட்டும் இடத்தில் உள்ள நீர்மத்தின் பிஎச் அளவை அது தானே உயர்த்திக்கொள்கிறது; அதற்கு ஆற்றலைச் செலவிடுகிறது. திறந்த கடலில் காரத்தன்மை நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை. அந்தச் சூழலுக்குப் பழகிய உயிரினத்தைத் திங்கட்கிழமை 7-இலும், புதன்கிழமை 10-இலும், சனிக்கிழமை மீண்டும் 7-இலும் வாழச் சொன்னால் என்ன ஆகும்? நுனி வெளுத்துத் திசு உரிவதை அனுபவமுள்ள தொட்டிக்காரர்கள் பலர் பார்த்திருப்பார்கள்.

புதிய தொட்டி ஏன் நிலைகொள்வதில்லை?

தொட்டியில் இன்னும் ஒரு பவளம்கூட இல்லை. ஆனாலும் காரத்தன்மை இறங்குகிறது. புதியவர்கள் இதைப் பார்த்துப் பதறுகின்றனர். இதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, பாறையும் மணலும். கடல்நீரில் கால்சியமும் கார்பனேட்டும் ஒன்றுசேர்ந்து படியக்கூடிய அளவுக்கு மேலாகவே கரைந்திருக்கின்றன. மக்னீசியமும் கரிமப் பொருள்களும் அதைத் தடுத்து வைத்திருக்கின்றன. புதிதாகப் போட்ட உலர்ந்த பாறையும் ஆரகனைட் மணலும் படிவதற்கு ஏற்ற வெற்றுப் பரப்பைக் கொடுக்கின்றன. அதனால் தொடக்க நாள்களில் கொஞ்சம் சுண்ணாம்பு அவற்றின்மேல் படிகிறது. பிறகு மக்னீசியம், பாஸ்பேட், நுண்ணுயிர்ப் படலம் ஆகியவை அந்தப் பரப்பை மூடிவிடுகின்றன. இழப்பு தானாகக் குறைகிறது.

இரண்டாவது, பாக்டீரியாக்களின் வேலை. அவை அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அது காரத்தன்மையைத் தின்கிறது. தொட்டியைப் பழக்குவதற்காக அம்மோனியம் குளோரைடு சேர்ப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் சேர்த்து அது முழுவதும் நைட்ரேட்டாக மாறினால், ஏறக்குறைய 0.8 டிகேஎச் குறையும். மீன் தீனியிலிருந்து வரும் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராம் சேர்ந்தால், 2.3 டிகேஎச் அளவுக்குக் குறையும்.

மூன்றாவது, நம் ஊர் வெப்பம். பவளத்துக்கு 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் ஏற்றது. சில்லர் விலை கூடுதல் என்பதால் பலர் தொட்டியின்மேல் சிறிய மின்விசிறியைப் பொருத்துகின்றனர். நீர் குளிர்கிறது, வேகமாக ஆவியாகவும் செய்கிறது. ஆவியாவது நீர் மட்டுமே. உப்பும் காரத்தன்மையும் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. 100 லிட்டரில் 5 லிட்டர் ஆவியானால் 8 என்பது 8.4 ஆகத் தெரியும். நன்னீர் ஊற்றினால் மீண்டும் 8. ஆகவே, ஒருநாள் நீர் நிரப்புவதற்கு முன்பும் மறுநாள் நிரப்பிய பின்பும் சோதித்தால், இல்லாத ஏற்றத்தாழ்வு இருப்பதுபோல் தோன்றும். குறைந்த நீருக்கு ஈடாக உப்புநீரை ஊற்றுவதோ இன்னும் கெடுதல். உவர்ப்பு ஏறிக்கொண்டே போகும்.

நான்காவது, நீர் மாற்றம். கடலுப்புக் கலவைகள் எல்லாம் ஒன்றல்ல. சில 7 அல்லது 8 டிகேஎச் தரும். சில 11-க்கு மேல் தரும். தொட்டியில் 7.5 இருக்கும்போது 11 உள்ள புதுநீரைப் பாதிக்குப் பாதி மாற்றினால், ஒரே மாலையில் 9.25 ஆகிவிடும். அதே நீரைப் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றினால் 7.85. அதே கலவை, அதே தொட்டி. மாற்றிய அளவுதான் வேறு.

ஐந்தாவது காரணம் நம் கை. மேலே சொன்ன ஒவ்வொன்றும் மெதுவாக நடப்பவை அல்லது தானாக அடங்குபவை. அவற்றுக்கு இடையில் அளக்காமல் ஊற்றினால், எந்த மாற்றம் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கண்ணாடிக்குள் ஒரு கடல்

புதிதாகக் கட்டிய சூழல் நாம் எதிர்பாராத இடத்தில் கணக்கை மாற்றிவிடும் என்பதற்குப் பெரிய சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ‘பயோஸ்பியர் 2’ என்ற மாபெரும் கண்ணாடிக் கட்டடத்துக்குள் 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் புகுந்து, இரண்டு ஆண்டுகள் அடைபட்டு வாழ்ந்தனர். உள்ளே காடு, வயல் ஆகியவற்றோடு பவளப்பாறையுடன் கூடிய செயற்கைக் கடலும் இருந்தது.

உள்ளே உயிர்வளி குறைந்துகொண்டே போனது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உயிர்வளியை எடுத்துக் கரிவளியை வெளிவிட்டன. அப்படியானால் அந்த அளவுக்குக் கரிவளி கூடியிருக்க வேண்டும்; கூடவில்லை. கடைசியில் தெரிந்த காரணம் புதிய கான்கிரீட். அதிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு கரிவளியை உறிஞ்சிச் சுண்ணாம்பாக மாற்றிக்கொண்டிருந்தது. அப்படியும் காற்றில் கரிவளி வெளியுலகைவிடப் பல மடங்கு அதிகமாகவே இருந்தது. அந்தக் கடல் அமிலமாகாமல் காக்கச் சோடியம் பைகார்பனேட்டும் சோடியம் கார்பனேட்டும் சேர்க்க வேண்டியிருந்தது.

அங்கே கான்கிரீட் செய்ததைப் போன்ற ஒன்றைத்தான் நம் வீட்டுத் தொட்டியில் உலர்ந்த பாறை செய்கிறது. அங்கே அறிஞர்கள் முதலில் அளந்தனர், கணக்கு இடித்தது, காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தனர். நம்மிடம் அளவே இல்லை என்றால் எதைத் தேடுவது?

புகைமூட்டக் காலத்துப் பொறி

புதியவர்களை அதிகமாகப் புட்டியை நாடச் செய்வது பிஎச் எண்தான். புகைமூட்டம் வரும்போது சன்னல்களை அடைத்துக் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொள்கிறோம். ஐந்தாறு பேர் மூச்சுவிடும் அறையில் கரிவளி கூடுகிறது. அது தொட்டி நீரிலும் கரைகிறது. பிஎச் 8.2-இலிருந்து 7.9-க்கு இறங்குகிறது. உடனே பிஎச் உயர்த்தும் பொடியைப் போடுகிறார்கள்.

இங்கே ஒரு வேதியியல் உண்மையை நினைவில் வைக்க வேண்டும். கரிவளி கரைவதால் பிஎச் குறையும். ஆனால் காரத்தன்மை மாறாது. அந்தப் பொடியில் இருப்பது பெரும்பாலும் கார்பனேட்டும் பைகார்பனேட்டும். அது காரத்தன்மையை உயர்த்தும். பிஎச் சிறிது நேரம் ஏறி, காற்றிலிருந்து மேலும் கரிவளி கரைந்ததும் மறுபடி இறங்கிவிடும். மறுபடி பொடி, மறுபடி இறக்கம். ஒரு வாரத்தில் காரத்தன்மை 8-இலிருந்து 12-க்குப் போயிருக்கும். பிஎச் அந்த அளவுக்கு உயர்ந்திருக்காது. மிஞ்சிய கார்பனேட் கால்சியத்தோடு சேர்ந்து பம்பிலும் ஹீட்டரிலும் வெள்ளையாகப் படியும். இதற்கு மருந்து புட்டியில் இல்லை. புகை விலகியதும் சன்னலைத் திறப்பதுதான் மருந்து. பகலில் விளக்கொளியில் பாசியும் பவளத்தில் வாழும் நுண்பாசியும் கரிவளியை எடுப்பதால் பிஎச் ஏறுவதும், இரவில் இறங்குவதும் இயல்பு. அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

இரண்டு வாரம், ஓர் எண்

நான் பரிந்துரைக்கும் வழி எளியது. உவர்ப்பு ஆயிரத்துக்கு 35 என்ற அளவில் நிலையாக இருக்கட்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஆவியான நீரை நிரப்பிய பிறகு, காரத்தன்மையை அளந்து எழுதுங்கள். இரண்டு வாரம் எதையும் ஊற்றாதீர்கள். 5 மில்லிலிட்டர் நீருக்கு ஒரு சொட்டு 1 டிகேஎச் என்று காட்டும் சோதனைப் பெட்டியாக இருந்தால், நீரை 10 மில்லிலிட்டராக எடுங்கள். ஒரு சொட்டுக்கு 0.5 என்று நுட்பமாக அளக்கலாம்.

உங்கள் இலக்கு எண்ணைத் தேர்வு செய்ய எளிய வழி, நீங்கள் பயன்படுத்தும் உப்புக் கலவை தரும் எண்ணையே இலக்காக வைத்துக்கொள்வது. அப்போது ஒவ்வொரு நீர் மாற்றமும் தொட்டியை அந்த எண்ணை நோக்கியே இழுக்கும். வாரம் பத்தில் ஒரு பங்கு மாற்றினால், பவளம் குறைவாக உள்ள புதிய தொட்டிக்கு அதுவே போதுமானதாக இருக்கும். மீன் மட்டும் வளர்ப்பவர்களுக்கு இதற்குமேல் எதுவும் வேண்டியதில்லை.

பவளம் வளர்ந்து எண் நாள்தோறும் சீராக இறங்கத் தொடங்கினால் மட்டுமே சேர்ப்பது பற்றி யோசிக்க வேண்டும். அதற்கும் கணக்கு உண்டு. 100 லிட்டர் நீரில் 1 டிகேஎச் உயர்த்த ஏறக்குறைய 3 கிராம் சோடியம் பைகார்பனேட் போதும். அதாவது நம் சமையலறை ஆப்பசோடா. பேக்கிங் பவுடர் அன்று. அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். ஏழு நாளில் 8.2 என்பது 7.5 ஆகியிருந்தால், நாளொன்றுக்கு 0.1 இழப்பு. ஆக, நாளுக்கு 0.3 கிராம். இரு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை! மூடி மூடியாக ஊற்றுவது எவ்வளவு மிகை என்பது இப்போது புரியும். எண் தாழ்ந்திருந்தாலும் ஒரே நாளில் 0.5-க்கு மேல் உயர்த்தாதீர்கள். கால்சியத்தையும் அவ்வப்போது பாருங்கள். பவளம் 2.8 டிகேஎச் பயன்படுத்தும்போது, லிட்டருக்கு ஏறக்குறைய 20 மில்லிகிராம் கால்சியமும் சேர்ந்தே குறையும்.

மறுப்புகளும் உண்டு

“பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் 10, 11 என்று வைத்து வேகமாகப் பவளம் வளர்க்கிறார்களே?” என்று கேட்கலாம். உண்மைதான். அவர்களின் தொட்டி முதிர்ந்தது, பவளம் நிறைந்தது, டோசிங் பம்ப் நாள் முழுவதும் சிறிது சிறிதாகச் சேர்க்கிறது. அவர்களிடமிருந்து கற்க வேண்டியது அந்தச் சீரான சேர்ப்பை. 11 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வருவது பயன் தராது.

“அப்படியானால் தொடக்கத்திலேயே பம்ப் வாங்கிவிடலாமே?” என்றும் கேட்பார்கள். எவ்வளவு குறைகிறது என்று தெரியாமல் எவ்வளவு சேர்க்கச் சொல்வீர்கள்? இயந்திரம் நாம் கொடுத்த எண்ணைத்தான் செய்யும். தவறான எண்ணையும் தவறாமல் செய்யும்.

இன்னொரு மறுப்பு நேர்மையானது: “வீட்டுச் சோதனைப் பெட்டியையே நம்ப முடியுமா?” முழுமையாக நம்ப வேண்டாம், சரிபாருங்கள். 2.4 கிராம் சோடியம் பைகார்பனேட்டை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, அதில் 100 மில்லிலிட்டரை எடுத்து மீண்டும் ஒரு லிட்டராக்கினால், 8 டிகேஎச் உள்ள கரைசல் கிடைக்கும். உங்கள் பெட்டி அதில் 9 காட்டினால், அந்த அளவில் 1 கூடுதலாகச் சொல்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பெட்டி சற்றுப் பிழையாக இருந்தாலும் அதே பெட்டியை அதே முறையில் பயன்படுத்தினால், எண் அசைகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். நமக்கு வேண்டியது அதுவே.

பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே இருக்கிறது

இந்தச் சொட்டுச் சோதனை வேறொன்றுமில்லை. படிவம் 4 வேதியியலில் நம் மாணவர்கள் பியூரெட்டையும் பிப்பெட்டையும் வைத்துச் செய்யும் டைட்ரேஷன்தான். அளவு தெரிந்த அமிலத்தைச் சேர்த்துக்கொண்டே போய், நிறங்காட்டி நிறம் மாறும் இடத்தில் நிறுத்துகிறோம். தேர்வுக்காகச் செய்து முடித்ததும் அதை மறந்துவிடுகிறார்கள். பள்ளி அறிவியல் கழகங்கள் இதைக் கையில் எடுக்கலாம். மீனோ பவளமோ தேவையில்லை. இரண்டு வாளிகளில் ஒரே கடலுப்புக் கரைசலை நிரப்பி, ஒன்றில் மட்டும் உலர்ந்த பாறையைப் போட்டு, இரண்டிலும் சிறிய பம்ப்பால் நீரைச் சுழலவிட்டு மூன்று வாரம் அளந்தால் போதும். வரைபடத்தாளில் இரு கோடுகள் எப்படிப் பிரிகின்றன என்பதை மாணவர்களே பார்ப்பார்கள்.

அந்த வாளியிலிருந்து பெருங்கடலுக்குத் தூரம் அதிகமில்லை. தொழிற்புரட்சிக்கு முன் ஏறக்குறைய 8.2 ஆக இருந்த கடல் மேற்பரப்பின் பிஎச், இப்போது 8.1-க்கு அருகில் உள்ளது. மூடிய அறையில் தொட்டிக்கு நேர்வதுதான் அங்கேயும் நேர்கிறது. கரிவளி கரைகிறது, பவளத்துக்குத் தேவையான கார்பனேட் குறைகிறது. ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் உள்ள ஒன் ட்ரீ தீவில், ஒரு பவளத் திட்டின்மேல் ஓடும் நீரில் ஆய்வாளர்கள் சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்துக் காரத்தன்மையை உயர்த்திப் பார்த்தனர். அங்கே சுண்ணாம்பு கட்டும் வேகம் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடியது. 2016-இல் வெளிவந்த அந்த ஆய்வு, எவ்வளவு சேர்த்தோம், எவ்வளவு கூடியது என்பதை அளந்ததால்தான் ஆய்வாயிற்று. தொட்டிக்கு உள்ள வசதி பெருங்கடலுக்கு இல்லை. திறந்துவிட அதற்குச் சன்னல் கிடையாது.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பவளம் வாங்க வருபவரிடம் “எத்தனை லிட்டர் தொட்டி?” என்று கேட்கிறீர்கள். “கடந்த இரண்டு வார காரத்தன்மை எண்களைக் காட்டுங்கள்” என்றும் கேளுங்கள். காட்ட முடியாதவரிடம் சோதனைப் பெட்டியை விற்றனுப்புங்கள். பவளத்தைப் பிறகு விற்கலாம். ஒரு வியாபாரம் இரண்டு வாரம் தள்ளிப்போகும். வாங்கியவரின் பவளம் பிழைத்தால், அவர் அடுத்த பவளத்துக்கும் உங்களிடமே வருவார்.